பிறவாத விமானங்களின் வரலாறு

விமானம் என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. கருவறைக்கு மேல் எழும்பி நிற்கும் கோயிற் கட்டுமானத்தை நம் முன்னோர் விமானம் என்றே வழங்கினர். தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் விமானம் 200 அடி அளவுக்கு ஓங்கி நிற்பதை அறியாதார் இலர். வானில் பறக்கும் ஊர்தி நம் நாட்டிற்கு வந்தபோது அதனையும் அதே பெயரால் அழைக்கலானோம். ஆக, நிற்கும் விமானம் ஒன்று, பறக்கும் விமானம் ஒன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மூன்றாவது ஒன்றும் உண்டு: நின்ற இடத்திலிருந்தே நேராக மேலெழுந்து, பின்னர்ச் சிறகைச் சாய்த்துக்கொண்டு முன்னோக்கிப் பறக்கும் சாய்சிறகு விமானம். இவ்வினத்தில் மெய்யாகக் கட்டப்பட்டவை விரல் விட்டு எண்ணத்தக்கவை. கற்பனையில் கட்டப்பட்டவையோ கணக்கிலடங்கா. அக்கற்பனைகளைப் பற்றியும், நாம் வாழும் பெங்களூர் நகரத்துக்கும் பிறவாத விமானங்களுக்கும் உள்ள நெடிய உறவைப் பற்றியும் இம்மலரில் சிறிது கூற விழைகின்றோம்.

இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்கே தண்டு இறக்கிய நாள்தொட்டு, சென்னை மாகாணத்திலிருந்து பட்டாளத்தோடும் பட்டாளத்தின் பின்னும் வந்த தமிழர் குடியேறிய பகுதிகளுள் ஒன்று, பிளாக்பள்ளி என முன்னாளில் வழங்கிய நம் சிவாஜிநகர். ரஸ்ஸல் மார்க்கெட்டும், மரியன்னை ஆலயமும், பழைய இரும்பும் மோட்டார் உதிரிகளும் விற்கும் சந்துகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் இடம் அது. அச்சந்துகளுள் ஒன்றில் நமக்குத் தெரிந்த தமிழ் இளைஞர் ஒருவர் இருக்கிறார். பகலில் வண்டிகளுக்கு மின்கம்பி வேலை. இரவில் விமானம் கட்டும் வேலை. உலகத்தில் எங்கும் இல்லாத சாய்சிறகு விமானங்களை அவர் தம் மனத்தில் வரைந்து, கையகல மாதிரிகளாகச் செய்கிறார். கடையில் விற்கும் பிளாஸ்டிக் சரக்கு விமானப் பெட்டியொன்றை வாங்கி, அதன் உடலை மட்டும் வைத்துக்கொண்டு சிறகை அறுத்தெறிவார். பேனா ரீபிலைக் குறுக்கே செலுத்தினால் அதுவே சிறகு சுழலும் அச்சு. இடைவெளியை எம்-சீல் கொண்டு அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சாம்பல் நிறம் பூசுவார்.

"இல்லாத விமானத்தைக் கட்டி யாருக்கடா லாபம்? இருக்கிற விமானத்தைக் கட்டினாலாவது நாலு பேர் பார்த்துச் சொல்லுவான்" என்பது அவர் தந்தையாரின் கேள்வி. அக்கேள்வி எளிதாகத் தள்ளத்தக்கதன்று. அதற்கு விடை தேடப் புகுந்தே இவ்வரலாற்றைத் திரட்டலானோம்.

முதலில் சாய்சிறகு என்பது யாது எனக் காண்போம். சாதாரண விமானம் ஓடுதளத்தில் ஓடி வேகம் பெற்ற பின்னரே சிறகின் வலியால் எழும். ஹெலிகாப்டர் நின்றபடி எழும்; ஆயின் விமானத்தின் வேகம் அதற்கு இல்லை. இரண்டின் நன்மையையும் ஒன்றிற் பெற வேண்டுமானால், சிறகையும் அதிற் பொருத்திய எஞ்சின்களையும் சேர்த்தே மேல்நோக்கித் திருப்பிவிட்டால் என்ன? விசிறிகள் வானைப் பார்த்துச் சுழன்று ஊர்தியைத் தூக்கும். உயரம் பெற்றபின் சிறகு மெல்ல மெல்லச் சாய்ந்து படுக்கும். விசிறிகள் முன்னோக்கி இழுக்கும். சிறகு தன் கடமையை ஏற்கும். சிறகை அசையாமல் வைத்து விசிறியை மட்டும் திருப்பும் வேறொரு முறையும் உண்டு. அமெரிக்காவின் ஆஸ்ப்ரே ஊர்தி அவ்வகையது. அதில் விசிறி கீழே தள்ளும் காற்று, குறுக்கே கிடக்கும் சிறகின் மேல் மோதித் தூக்குவிசையில் ஒரு பகுதி வீணாகும். சாய்சிறகில் சிறகே செங்குத்தாக நிற்பதால் அக்குறை இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு தொல்லை வந்து சேரும்: செங்குத்தாக நிற்கும் சிறகு பாய்மரம் போன்றது, பக்கக் காற்று அடித்தால் ஊர்தியையே இழுத்துக்கொண்டு போகும்.

இவ்வெண்ணத்தை முதலில் மெய்ப்பித்தது வெர்ட்டால் நிறுவனத்தின் விஇசட்-2. குழாய்களால் ஆன எலும்புக்கூடு போன்ற உடலும், ஒரே எஞ்சினும், இரு விசிறிகளும் உடைய அச்சிறு ஊர்தி, 1958-ஆம் ஆண்டு ஜூலையில் நேரே எழுந்து, முன்னோக்கிப் பறந்து, மீண்டும் நேரே இறங்கும் முழுச் சுற்றையும் முடித்துக் காட்டியது. அடுத்து வந்தது ஹில்லர் எக்ஸ்-18. இதன் பிறப்புக் கதையை நம் சிவாஜிநகர் இளைஞரிடம் கூறியபோது அவர் முகம் மலர்ந்ததை என்னென்பது! அதன் உடல், ஏற்கனவே இருந்த ஒரு சரக்கு விமானத்தினுடையது. எஞ்சின்களோ, வாலின் மேல் நின்று எழும்ப வேண்டுமென்று கட்டிக் கைவிடப்பட்ட வேறு இரு போர்விமானத் திட்டங்களின் மிச்சம். பெட்டியில் உள்ள உடலை எடுத்து, வேறு பெட்டியின் எஞ்சினை ஒட்டிச் செய்யும் மாதிரிக்காரர் வேலையையே, ஓர் அரசின் பணத்தில், முழு அளவில் செய்திருக்கின்றனர்! நம் ஊர்ப் பழைய உதிரிக் கடைக்காரர் எவரும் இதனைக் கேட்டு வியப்படையார்.

எக்ஸ்-18 1959-ஆம் ஆண்டு நவம்பரில் பறந்தது. இடப்புற எஞ்சினையும் வலப்புற எஞ்சினையும் இணைக்கும் குறுக்குத் தண்டு அதில் இல்லை. ஒரு பக்கம் நின்றால் மறுபக்கம் தூக்க, ஊர்தி கவிழ்ந்துவிடும். 1960-இல், தன் இருபதாம் பறப்பில், விசிறிக் கட்டுப்பாடு பழுதுற்றுச் சுழல்வீழ்ச்சியிற் சிக்கியது. விமானிகள் எப்படியோ மீட்டுத் தரை இறக்கினர். அதன்பின் அது பறக்கவேயில்லை. கற்ற பாடம் வீண்போகவில்லை. 1964-இல் பறந்த எக்ஸ்சி-142 என்னும் பெரிய ஊர்தியின் நான்கு எஞ்சின்களும் தண்டுகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. 32 போர்வீரரைச் சுமக்கவல்ல அது ஐந்து எண்ணிக்கையிற் கட்டப்பெற்றது. 1967-இல் ஒன்று விழுந்து மூவர் மாண்டனர். தொடர்ந்து உற்பத்தி செய்யும் எண்ணம் கைவிடப்பட்டது. எஞ்சிய ஒன்று அமெரிக்காவின் டேட்டன் நகரக் காட்சிசாலையில் நிற்கின்றது. கனடா நாட்டின் சிஎல்-84 இவை எல்லாவற்றினும் நன்கு பறந்தது என்பது நம் கருத்து. 1965-இல் தொடங்கி, 1972-இல் அமெரிக்கக் கடற்படைக் கப்பலின் மேல்தளத்திலும் இறங்கிக் காட்டியது. நான்கில் இரண்டு விபத்தில் அழிந்தன. ஏறியிருந்தோர் உயிர் பிழைத்தனர். வாங்குவார் மட்டும் இலர். மற்ற இரண்டும் ஒட்டாவா, வின்னிப்பெக் நகரங்களின் காட்சிசாலைகளிற் குடியேறின.

ஆகவே, கற்பனைச் சாய்சிறகு என்பது வெறும் விளையாட்டு அன்று. வரலாறு பாதியில் நின்ற இடத்திலிருந்து அதனைத் தொடர்ந்து எழுதிப் பார்க்கும் முயற்சி. மேல்நாட்டு மாதிரிக்காரரிடையே "இப்படி நடந்திருந்தால்" என்று கட்டும் இத்தகைய வேலை ஒரு தனிப் பிரிவாகவே மதிக்கப்படுகின்றது. ஆனால் அங்கும் ஒரு நியதி உண்டு. இல்லாத விமானமாயினும், இருந்திருந்தால் பறந்திருக்க வேண்டும். நம் இளைஞர் முதலிற் செய்த மாதிரியில் வால்விசிறி இல்லை. சிறகு நிமிர்ந்து நிற்கும்போது மூக்கு மேலே போகாமலும் கீழே கவிழாமலும் காப்பது யாது? வால் தகடு காற்றோட்டம் இன்றிச் செயலற்றுக் கிடக்கும் நேரம் அது. எக்ஸ்சி-142 தன் வாலில் படுக்கையாக ஒரு விசிறியைச் சுழற்றி இதனைச் செய்தது. எக்ஸ்-18 பின்னே ஒரு ஜெட் எஞ்சினின் புகையை மேலும் கீழும் திருப்பிச் செய்தது. பக்கச் சரிவை இடவல விசிறிகளின் விசை வேறுபாட்டாலும், திசைத் திருப்பத்தை விசிறிக் காற்றில் நனையும் சிறகு மடல்களாலும் ஆள்கின்றனர். இவற்றையெல்லாம் அறிந்து கட்டினால் மாதிரி ஒரு வாதம் ஆகின்றது. அறியாமற் கட்டினால் பொம்மை. பொம்மையும் நன்றே, குழந்தைக்கு.

அளவுக் கணக்கும் சிறிது கூற வேண்டும். 72-இல் ஒரு பங்கு என்பது உலகெங்கும் பரவிய அளவு. ஆறடி மனிதன் ஓரங்குலம் ஆவான் என்பதே அதன் எளிமை. 1930-களில் இங்கிலாந்தில் விளையாட்டுக்காகத் தோன்றிய இவ்வளவு, போர்க்காலத்தில் கடமை ஆயிற்று. பகை விமானம் எது, நம் விமானம் எது எனப் பார்த்த அளவில் அறிய வீரரைப் பழக்குவதற்காக, 1942-இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவரிடம் ஐந்து லட்சம் மரமாதிரிகள் செய்து தரும்படி கேட்டது. பிள்ளைகள் செய்த மரத்துண்டுகள் உயிர்காக்கும் கருவிகளாயின.

இனி நம் நகரத்திற்கு வருவோம்.

பெங்களூரில் கற்பனை விமானம் முதலில் மரத்தில் உருப்பெறவில்லை, தாளில் உருப்பெற்றது. ஆனேக்கல்லில் வாழ்ந்த சுப்பராய சாஸ்திரி என்பார், பரத்வாஜ முனிவர் அருளியது எனக் கூறி, வைமானிக சாஸ்திரம் என்னும் நூலின் சுலோகங்களை 1918 முதல் 1923 வரை ஒருவரை எழுதச் செய்தார். எல்லப்பா என்னும் வரைவாளர் அவர் சொற்படி சகுன விமானம், ருக்ம விமானம் முதலியவற்றிற்குப் படம் வரைந்து கொடுத்தார். நுணுக்கமான படங்கள், அடுக்கடுக்காய் எழும் உருவில் கோபுரத்தின் சாயல் தெரியும். 1974-ஆம் ஆண்டில் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஐந்து அறிஞர் அந்நூலை எடுத்துச் சொல்லாராய்ச்சியும் பொறியியல் ஆராய்ச்சியும் செய்தனர். நூல் பழமையானதன்று, இருபதாம் நூற்றாண்டிற் பிறந்ததே என்றும், படத்திலுள்ளபடி கட்டினால் அவை பறவா என்றும் முடிவு கூறினர். பழம்பெருமை பேசுவதில் நமக்குக் குறைவில்லாத ஆசை உண்டு. ஆயினும் இம்முடிவை நாம் வரவேற்கின்றோம். எல்லப்பாவின் படங்களைப் படங்களாகக் கொண்டால் இன்னும் அழகாய் இருக்கின்றன. பறந்தன என்று வாதிடும்போதுதான் அவை கீழே விழுகின்றன.

தாளிலிருந்து மரத்திற்கு வந்த கதை 1940-இல் தொடங்குகின்றது. அவ்வாண்டு டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு இங்கே இந்துஸ்தான் விமானக் கம்பெனியை நிறுவினார். சண்டைக் காலமாதலால் பழுதுபார்க்கும் வேலையே பெருகிற்று. தண்டிலும் அல்சூரிலும் இருந்த தமிழ்க் கொல்லர், தச்சர், பொருத்துநர் பலர் சைக்கிளேறி அங்கே வேலைக்குச் சென்றனர். நம் இல்லங்களில் பலவற்றில் "பாக்டரி" என்றால் இன்றும் அதுதான். வி. எம். காட்கே அவர்களின் தலைமையில் உருவான எச்.டி-2 பயிற்சி விமானம் 1951-இல் பறந்தது. அதன்பின் ஒரு துணிகரமான எண்ணம் எழுந்தது: ஒலியின் வேகத்தைக் கடக்கும் போர்விமானத்தை நாமே வரைந்து கட்டுவது. ஜெர்மனியின் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் 1956-இல் பெங்களூர் வந்து சேர்ந்தார். அவ்விமானமே பிற்காலத்தில் மாருதம் எனப் பெயர்பெற்ற எச்.எஃப்-24.

இங்கேதான் நம் பொருளுக்கு நேரான நிகழ்ச்சி வருகின்றது. எஞ்சின் கைக்கு வருமுன், உலோக விமானம் உருவாகுமுன், அதே நீளம், அதே அகலம், அதே சிறகு வடிவம் கொண்ட முழு அளவு மாதிரி ஒன்றை மரத்தாற் செய்தனர். எக்ஸ்-241 என்பது அதன் பெயர். எஞ்சினில்லாத மிதவை விமானம் அது. 1959-இல் டக்கோட்டா விமானம் ஒன்று அதனைக் கயிறு கட்டி இழுத்து மேலே கொண்டுபோய் விட, விமானி அதனைத் தனியே மிதக்கவிட்டு இறக்கினார். இன்னும் பிறவாத போர்விமானம் கையில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைப் பல பத்து முறை பறந்து அளந்தனர். 1960-இல் ஒரு நாள் மூக்குச் சக்கரம் வெளிவராமல் தரையிறங்கிச் சிதைவுற்றது. அதற்குள் அது கற்பிக்க வேண்டியதைப் பெரும்பாலும் கற்பித்துவிட்டது. மெய்யான விமானம் 1961 ஜூன் திங்களில் சுரஞ்சன் தாஸ் அவர்கள் செலுத்தப் பறந்தது. மரத்தினால் ஆனதொரு பொய்விமானம் மெய்விமானத்திற்குத் தமக்கையாய் முன்பிறந்தது என்றால் மிகையாகாது.

ஆனால் தமக்கை கண்ட கனவு முழுதும் பலித்ததா? இல்லை. மாருதத்திற்கென்று எண்ணியிருந்த வலிய எஞ்சின் இங்கிலாந்தில் கைவிடப்பட்டது. கிடைத்த சிறிய எஞ்சின் இரண்டைப் பொருத்தியே அதனைக் கட்ட வேண்டியதாயிற்று. ஒலியின் இருமடங்கு வேகம் எனத் தீட்டிய திட்டம், ஒலியின் வேகத்தை எட்டிப் பிடிப்பதே அரிது என்ற அளவில் நின்றது. 147 கட்டப்பட்டன, 1971-ஆம் ஆண்டுப் போரில் நன்கு பணிபுரிந்தன. சுரஞ்சன் தாஸ் 1970-இல் அதன் மற்றொரு வகையைச் சோதிக்கையில் உயிர்துறந்தார். பழைய சென்னைச் சாலையிலிருந்து பழைய விமான நிலையச் சாலைக்குச் செல்லும் வழி அவர் பெயர் தாங்கி நிற்கின்றது; நாள்தோறும் அதில் பஸ்ஸேறிச் செல்வோரில் எத்தனை பேர் அப்பெயரின் பொருளை அறிவரோ! உண்மையிற் கட்டப்பட்ட மாருதத்தைக் காட்சிசாலையிற் காணலாம். வலிய எஞ்சினோடு எண்ணப்பட்ட மாருதம் வரைபடத்திலும் மாதிரிக்காரர் மேசையிலும் மட்டுமே உண்டு.

சிவாஜிநகரிலிருந்து வடக்கே நடந்தால் விரைவில் ஜெயமகால் சாலை வந்துவிடும். 1959 ஜூனில் தில்லியில் தோன்றிய தேசிய வானூர்தி ஆய்வகம் 1960-இல் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தபோது, அதற்கு முதலிற் கிடைத்த இடம் ஜெயமகாலில் இருந்த மைசூர் மகாராசாவின் குதிரை லாயம். வான்வெளிக்கு வழி வகுக்க வந்தோர் குதிரைகள் நின்ற கொட்டடியில் மேசை போட்டு அமர்ந்தனர். முதல் இயக்குநராகிய நீலகண்டன் அவர்கள் அங்கிருந்தே பெருந்திட்டங்களைத் தீட்டினார். அவற்றுள் தலையாயது காற்றுச் சுரங்கம். சிறிய மாதிரி ஒன்றைச் சுரங்கத்தினுள் நிறுத்தி, அதன் மேல் காற்றைப் பாய்ச்சி, அதன்பாற் செயற்படும் விசைகளை அளப்பது முறை. விமானம் காற்றினூடே ஓடினாலென்ன, நின்ற விமானத்தின் மேல் காற்று ஓடினாலென்ன, இரண்டும் ஒன்றே. 1967-இல் முடிவுற்ற நான்கடிச் சுரங்கத்தில், பெருங்கலங்களில் அடைத்து வைத்த காற்றைத் திடீரெனத் திறந்துவிட்டால் சில பத்து விநாடிகள் ஒலியின் நான்கு மடங்கு வேகம் வரையிற் பாயும். அச்சில விநாடிகளுக்காக ஒரு மாதிரியைத் திங்கட்கணக்கில் கடைந்தெடுப்பர். இலகு ரகப் போர்விமானமாகிய தேஜஸும், விண்வெளி ராக்கெட்டுகளும் பிறப்பதற்கு முன் அச்சுரங்கத்தினுள் மாதிரிகளாய்க் காற்றை எதிர்த்து நின்றவையே.

மாதிரி சிறுத்தால் எல்லாமே ஒரே அளவிற் சிறுக்கும் என எண்ணுவது பிழை. நீளத்தை ஒன்பதில் ஒரு பங்கு ஆக்கினால் பரப்பு 81-இல் ஒரு பங்கு, கன அளவு 729-இல் ஒரு பங்கு. எடையையும் அவ்வாறே 729-இல் ஒரு பங்காக்கிப் பறக்கவிட்டால், அதன் வேகம் மெய்விமானத்தின் வேகத்தில் மூன்றிலொரு பங்காக இருக்கும். ஆனால் ஆட்டங்கள் மும்மடங்கு விரைவில் நிகழும். மெய்விமானம் மூன்று விநாடியில் சாயுமானால் மாதிரி ஒரு விநாடியில் சாய்ந்துவிடும். சாய்சிறகு மாதிரிகளைப் பறக்கவிட்டு ஆராய்ந்த அமெரிக்கரும் இக்கணக்கை மனத்திற் கொண்டே மாதிரியின் ஆட்டத்திலிருந்து மெய்விமானத்தின் குணத்தை ஊகித்தனர். பொம்மை விமானம் நிலைகொள்ளாமல் துடிப்பதைப் பார்த்து "இது பயன்படாது" என்று ஒதுக்கிவிடுவோர் இக்கணக்கை நினைத்தல் நலம்.

கடைசியாக, நம் சங்கங்களுக்கு மிக நெருங்கிய ஒரு வரலாறு. 1950-களின் நடுவே சென்னை குரோம்பேட்டையிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் விமானப் பொறியியல் பயின்ற இராமேசுவரத்து மாணவர் ஒருவர், அக்கல்லூரித் தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே கட்டுவோம் என்னும் கருத்தில் ஒரு கட்டுரை எழுதி முதற் பரிசு பெற்றார். பரிசு வழங்கியவர் ஆனந்த விகடனின் தேவன். மாணவரின் பெயர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். ஒரு தமிழ்ச் சங்கத்தின் கட்டுரைப் போட்டி எங்கே போய் முடியும் என்பதைப் போட்டி நடத்துவோர் அறியார். பங்கு கொள்வோரும் அறியார்.

கல்லூரி முடித்து அவர் பயிற்சிக்கு வந்தது நம் பெங்களூர் விமானத் தொழிற்சாலைக்கே. எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டும் வேலையிற் கைபழகினார். விமானியாக வேண்டுமென்று டேராடூன் சென்றார். இடங்கள் எட்டு, அவர் பெற்றது ஒன்பதாமிடம். 1958-இல் தில்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் வானூர்தித் தொழில்நுட்பப் பிரிவிற் சேர்ந்தார். அங்கே அவர் கையிட்ட பணிகளுள் ஒன்று, செங்குத்தாக எழுந்து இறங்கும் மேடை ஒன்றினை வடிவமைப்பது. ஆம், அமெரிக்காவில் விஇசட்-2-உம் எக்ஸ்-18-உம் பறந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஓடாமல் எழும் ஊர்தியைப் பற்றி ஒரு தமிழ் இளைஞரும் வரைந்துகொண்டிருந்தார். இதனைத் தம் வரலாற்று நூலாகிய அக்கினிச் சிறகுகளில் ஓரிரு வரியிற் கூறிச் செல்கிறார். அவ்வரியை நாம் நெடுநேரம் நோக்கியதுண்டு.

பின்னர் பெங்களூரில் வானூர்தி வளர்ச்சி நிறுவனம் தொடங்கப்பெற்று, அவர் இங்கே அனுப்பப்பட்டார். முதலாண்டில் வேலை மிகுதியாக இல்லை. இயக்குநர் மேதிரத்தா அவர்கள், தரைக்குச் சற்று மேலே காற்று மெத்தையில் மிதந்து செல்லும் ஊர்தி ஒன்றைக் கட்டும் பணியை நால்வர் கொண்ட சிறு குழுவிற்குக் கொடுத்து, கலாமை அதற்குத் தலைவராக்கினார். காலம் மூன்றாண்டு. குழுவில் எவரும் அதற்கு முன் ஒரு பொறியைக் கட்டியவர் அல்லர். பார்த்துச் செய்யப் படமும் இல்லை, கடையில் வாங்கப் பாகமும் இல்லை. உடன் பணிபுரிந்தோரிடையே ஏளனம் செய்தோரும் இருந்தனர். குழு தன் வேலையைச் செய்தது. ஊர்திக்கு நந்தி எனப் பெயரிட்டனர். தன் எடையும் சேர்த்து 550 கிலோ சுமையோடு, தரையிலிருந்து சுமார் 40 மில்லிமீட்டர் உயரத்தில் அது மிதந்தது. நாற்பது மில்லிமீட்டர் என்பது நாம் இரண்டு விரலை அடுக்கிய உயரம். அவ்வுயரத்தைப் பெற மூன்றாண்டா என்று சிரிப்பார் சிரிக்கட்டும்.

பாதுகாப்பு அமைச்சர் வி. கே. கிருஷ்ண மேனன் பெங்களூர் வந்தபோது, உடன் வந்த அதிகாரிகள் அஞ்சித் தடுத்தும் கேளாது, கலாமே ஓட்ட அதில் ஏறி அமர்ந்து சென்றார். 1962-இல் மேனன் பதவி விலகியபின் நந்தியை ஆதரிப்பார் இலராயினர். அது கொட்டகைக்குள் ஒதுக்கப்பட்டது. போர்க்களத்தில் அது பயன்படும் என்ற எண்ணத்தை எவரும் எடுத்துச் செல்லவில்லை. ஆயினும் ஒரு நாள் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தின் எம். ஜி. கே. மேனன் அவர்கள் வந்து பார்த்தார், பத்து நிமிடம் அதில் ஏறிச் சுற்றினார், கேள்விகள் கேட்டார். அச்சந்திப்பின் பயனாக விண்வெளி ஆராய்ச்சிக் குழுவின் நேர்முகத் தேர்வுக்குக் கலாமுக்கு அழைப்பு வந்தது. தும்பாவும் ராக்கெட்டும் அதன்பின் வந்தவை. நந்தி எங்கும் போகவில்லை. நந்தியைக் கட்டியவர் போனார்.

தந்தையார் கேட்ட "யாருக்கு லாபம்" என்னும் கேள்விக்கு இதனை விடையாகக் கூறினோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "அவர் கலாம், சாமி. என் பையன் வண்டிக்குக் கம்பி இழுக்கிறவன்" என்றார். அதுவும் உண்மையே, அதனை மறுக்கும் துணிவு நமக்கு வரவில்லை. ஆயினும் 2025 ஜனவரியில் தில்லியில் நடந்த வாகனக் கண்காட்சியில், நம் பெங்களூரைச் சேர்ந்த சர்லா ஏவியேஷன் என்னும் இளைய நிறுவனம், நின்றபடி எழும் மின்சார வாடகை விமானம் ஒன்றின் முழு அளவு மாதிரியை வைத்ததையும், கூட்டம் அதனைச் சுற்றி நின்றதையும் அவரிடம் கூறினோம். பறப்பதற்கு முன்னரே மாதிரி வந்துவிட்டது. எக்ஸ்-241-இன் காலத்திலிருந்து முறை மாறவில்லை. அத்தகைய இடங்களில் மரமும் பிளாஸ்டிக்கும் அறிந்த கைகளுக்கு வேலை உண்டா என்று தந்தையார் கேட்டார். விசாரித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கின்றோம்.

நிற்க. இக்கட்டுரையை எழுதுங்கால் ஒரு குறை நம்மை உறுத்திற்று. குர்ட் டாங்க் பெயர் நூலில் உண்டு. சுரஞ்சன் தாஸ் பெயர் சாலையில் உண்டு. எக்ஸ்-241-இன் மரச் சட்டங்களை இழைத்து, ஒட்டி, தேய்த்துப் பறக்கும் பதத்திற்குக் கொண்டுவந்த தச்சர்களின் பெயரை நாம் கண்ட நூல் எதிலும் காணோம். அவருள் நம்மவர் பலர் இருந்திருத்தல் கூடும். சிவாஜிநகர், அல்சூர், பிரேசர் டவுன், ஜீவன்பீமாநகர் முதலிய பகுதிகளில் வாழும் அன்பர்கள், தங்கள் தந்தையோ பாட்டனோ தொழிற்சாலையின் மரவேலைப் பகுதியிலோ, ஆய்வகத்தின் மாதிரிப் பட்டறையிலோ பணிபுரிந்திருப்பின், அவர் பெயரையும், பணியாற்றிய ஆண்டுகளையும், வீட்டில் எங்கேனும் பரண்மேல் பழைய மரமாதிரியோ அளவுத் தகடோ வரைபடமோ கிடப்பின் அதன் நிழற்படத்தையும் மலர்க்குழுவிற்கு அனுப்பியுதவ வேண்டுகின்றோம். அடுத்த ஆண்டு மலரில் அப்பெயர்களை அச்சிட இரண்டு பக்கங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. பெயர்கள் மிகுமாயின் மேலும் பக்கங்கள் சேர்த்துக்கொள்ளப்படும்.